ஷட்டில் ஏன் அப்படிப் பறக்கிறது? பூப்பந்தும் காற்றும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சமூக மன்றத்தில் வார இறுதிகளில் ஆடும் நம்மவர்களும், பிள்ளைகளைப் பயிற்சிக்கு அழைத்து வந்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு வரும் இடங்களில் பெருக்கல், வகுத்தலுக்கு மேல் போகவில்லை, பயப்பட வேண்டாம். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருக்கும் விஷயம் ஒன்றுதான். ஷட்டிலின் எடை சுமார் 5 கிராம். அதன் இறகுக் கூம்பின் வாய் விட்டமோ ஏறக்குறைய ஒரு டென்னிஸ் பந்தின் விட்டம். டென்னிஸ் பந்து 58 கிராம் இருக்கும். இவ்வளவு லேசான பொருள் இவ்வளவு காற்றை எதிர்த்துப் போகும்போது, மட்டையின் பேச்சு எடுபடுவது கொஞ்ச தூரத்துக்குத்தான். அப்புறம் காற்று வைத்ததுதான் சட்டம்.

எப்படி அடித்தாலும் தக்கைதான் முன்னால் வருகிறது. அது எப்படி?

எடை ஓரிடத்திலும் காற்றுத் தடை வேறோர் இடத்திலும் இருப்பதால். ஷட்டிலின் எடையில் பாதிக்கு மேல் தக்கையில் இருக்கிறது. காற்றை வாங்குவது பின்னால் விரிந்திருக்கும் இறகுக் கூம்பு. ஷட்டில் பக்கவாட்டில் சாய்ந்தால் காற்று கூம்பைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளும். கனமான தக்கை முன்னே போய்க்கொண்டே இருக்கும். சாய்வு தானாகச் சரியாகிவிடும்.

ஆனால் எதிராளி அடித்த ஷட்டில் தக்கை முன்னால் வருகிறது, நாம் தக்கையில்தானே அடிக்கிறோம்? அப்படியானால் திரும்பிப் போகும்போது இறகு முன்னால் போக வேண்டுமே?

போகத்தான் செய்கிறது, மிகக் கொஞ்ச நேரத்துக்கு. நரம்பில் தக்கை படும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தக் கணத்தில் ஷட்டில் இறகு முன்னாலும் தக்கை பின்னாலுமாகக் கிளம்புகிறது. உடனே காற்று கூம்பைப் பிடித்துத் திருப்புகிறது. தக்கை முன்னால் வந்து, கொஞ்சம் தாண்டிப் போய், இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு நேராகிறது. வேகமான அடியில் இதெல்லாம் ஒரு விநாடியில் நூற்றில் சில பங்குக்குள் முடிந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. மெதுவாக ஓட்டிய காணொளியில் பாருங்கள், மட்டையை விட்டுக் கிளம்பும்போது கூம்பு நசுங்கிப் போயிருப்பதும் தெரியும்.

வலையோரம் தட்டிவிடும் பந்து மட்டும் ஏன் உருண்டு உருண்டு விழுகிறது?

இது நல்ல கேள்வி. ஷட்டிலைத் திருப்பும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை நாலில் ஒன்றாகும். ஆகவே மெதுவாகப் போகும் ஷட்டில் நேராவதற்கு அதிக நேரம் எடுக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சுவையான விஷயம் கிடைக்கும்: வேகமான பந்தும் மெதுவான பந்தும் நேராவதற்கு எடுக்கும் நேரம் வேறு வேறு, ஆனால் கடக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றே. மேலிருந்து கீழே ஓங்கி அடிக்கும் ஸ்மாஷ் அந்தத் தூரத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். வலையோரப் பந்துக்கோ அந்தத் தூரமே கிடைப்பதில்லை. வலையைத் தாண்டி விழும்வரை அது போகும் வழி மிகக் குறைவு. தக்கையின் ஓரத்தை மட்டையால் சீவினால் கூடுதலாக உருளும். அது உருண்டு முடிவதற்குள் தரைக்கு வந்துவிடும்.

எதிராளியின் பாடு திண்டாட்டம். அவசரப்பட்டு அடித்தால் தக்கைக்குப் பதில் இறகில் படும், பந்து எங்கோ போகும். காத்திருந்தால் பந்து வலைக்குக் கீழே இறங்கிவிடும், உயர்த்தி அடிப்பதைத் தவிர வழியில்லை. அவர் உயர்த்தி அடிக்கட்டும் என்றுதான் உங்கள் ஜோடி பின்னால் காத்திருக்கிறார்.

ஸ்மாஷ் 565 கி.மீ. வேகத்தில் போகிறது என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். 2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் உள்ள சோகா நகரில், யோனெக்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலைக் கூடத்தில், இந்திய இரட்டையர் ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் அடித்தார். கின்னஸ் சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்னால் இருந்த சாதனை மலேசியாவின் டான் பூன் ஹியோங் 2013-இல் அடித்த 493 கி.மீ.

ஆனால் அந்த எண் எந்த இடத்தில் எடுத்தது என்பதைக் கேட்க வேண்டும். மட்டையை விட்டுக் கிளம்பும் கணத்தில் இருந்த வேகம் அது. அப்புறம் நடப்பதுதான் கதை. ஷட்டிலின் எடை, வாய் விட்டம், காற்றின் அடர்த்தி, சுமார் 0.6 என்று அளந்திருக்கும் காற்றுத் தடைக் குணகம், இவற்றை வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒவ்வொரு 3.2 மீட்டருக்கும் வேகம் பாதியாகிறது. 565 கி.மீ.யில் கிளம்பியது 3.2 மீட்டரில் 280, 6.4 மீட்டரில் 140, 9.6 மீட்டரில் 70. ஆட்டக்களத்தின் மொத்த நீளம் 13.4 மீட்டர். மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது 35 கி.மீ.க்கும் கீழே வந்திருக்கும். நம் தீவு விரைவுச்சாலையில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார்.

அப்படியானால் ஸ்மாஷைத் திருப்பி அடிக்க நேரம் கிடைப்பது காற்றால்தானா?

முழுக்க முழுக்கக் காற்றால்தான். நல்ல மன்ற ஆட்டக்காரர் ஒருவர் 300 கி.மீ. வேகத்தில் அடிக்கிறார், நீங்கள் 9 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லையென்றால் ஷட்டில் 0.11 விநாடியில் உங்களிடம் வந்துவிடும். கண்ணில் கண்டு கை அசைவதற்கே ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும், ஆகவே எதுவும் செய்ய முடியாது. காற்று இருப்பதால் 0.33 விநாடி ஆகிறது. இதில் முதல் 4 மீட்டரை அது 0.08 விநாடியில் கடந்துவிடுகிறது. மிச்சம் 5 மீட்டருக்கு 0.25 விநாடி. உங்களிடம் வந்து சேரும்போது வேகம் 40 கி.மீ. சொச்சம்தான்.

இதிலிருந்து ஆட்டத்துக்கு ஒரு பாடம் உண்டு. இரட்டையர் ஆட்டத்தில் ஸ்மாஷைத் தடுக்க நிற்கும்போது அரை மீட்டர் பின்னால் நின்றால் கிடைக்கும் கூடுதல் நேரம் சொற்பம் என்று நினைப்போம். கடைசி அரை மீட்டர்தான் ஷட்டில் மிக மெதுவாகக் கடக்கும் அரை மீட்டர். ஏறக்குறைய 0.04 விநாடி கூடுதலாகக் கிடைக்கும். தடுப்பாட்டத்தில் அது பெரிய தொகை. பின்னால் நின்றால் வலையோரம் போடும் பந்துக்கு ஓட வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் நம் மன்றத்தில் பெரும்பாலானோர் முன்னால் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

என் பையனுக்குக் கையில் பலம் இருக்கிறது. ஆனால் உயர்த்திப் பின்னால் அனுப்பும் கிளியர் அடித்தால் பின்கோடு வரை போகவில்லை. இன்னும் பலமாக அடிக்கச் சொல்லவா?

வேண்டாம். மேலே சொன்ன அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 3.2 மீட்டருக்கு ஒரு முறை வேகம் பாதியாகிறது என்றால், தொடக்க வேகத்தை இருமடங்காக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது 2, 3 மீட்டர்தான். கல்லை இருமடங்கு வேகத்தில் எறிந்தால் ஏறக்குறைய நாலு மடங்கு தூரம் போகும். ஷட்டிலில் அந்த வேலை நடக்காது.

ஆகவே தோள்பலத்தை ஏற்றுவது பலன் குறைந்த வழி. மட்டையின் தலை வேகம்தான் ஷட்டிலுக்குப் போகிறது. அந்த வேகம் முன்கையை உள்பக்கமாகச் சுழற்றுவதில் வருகிறது. பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் சுழற்சி வராது. அடுத்து, பந்தை எங்கே சந்திக்கிறான் என்று பாருங்கள். தலைக்குப் பின்னால் போனபிறகு அடித்தால் எவ்வளவு வேகமாக அடித்தாலும் மேலேதான் போகும். முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குப் பிரச்சினை கையில் இல்லை, காலில். பந்துக்குப் பின்னால் போய் நிற்க நேரம் தவறிவிடுகிறது.

உயரமாக அடித்த பந்து முதலில் பாய்ந்து போகிறது, பிறகு நட்டுக்குத்தாக விழுகிறது. ஏன் வில்போல வளைந்து விழுவதில்லை?

மேலே ஏறி முடிக்கும்போதே முன்னோக்கிப் போகும் வேகத்தைக் காற்று தின்றுவிடுகிறது. மிச்சம் இருப்பது புவியீர்ப்பு மட்டும். விழும்போதும் ஷட்டில் வேகம் எடுத்துக்கொண்டே போவதில்லை. விநாடிக்கு சுமார் 6.7 மீட்டர், அதாவது மணிக்கு 24 கி.மீ. ஆனதும் காற்றுத் தடை எடைக்குச் சமமாகிவிடும். அதற்குமேல் வேகம் ஏறாது. பள்ளிப் பாடத்தில் இதை முற்றுத் திசைவேகம் என்று படித்திருப்பீர்கள். டென்னிஸ் பந்துக்கு அது மணிக்கு 80 கி.மீ. பக்கம் வரும்.

ஒற்றையர் ஆட்டத்தில் உயர சர்வீஸ் இன்றும் உயிரோடிருப்பதற்குக் காரணம் இதுதான். நேர்மேலிருந்து விழும் பந்தைச் சரியான கணத்தில் அடிப்பது, சாய்வாக வரும் பந்தை அடிப்பதைவிடக் கடினம்.

இறகுத் தண்டுகளுக்கு இடையே இடைவெளி இருக்கிறதே, காற்றுத் தடையைக் குறைக்கவா?

நேர்மாறு. ஒரு ஷட்டிலை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேல்பாகத்தில் 16 இறகுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடிக்கொண்டிருக்கும். கீழே தக்கையை ஒட்டி வெறும் தண்டுகள்தான். இரண்டு வரிசை நூல் சுற்றிப் பசை தடவியிருப்பார்கள். தண்டுகளுக்கு இடையே வெளிச்சம் வரும். பறக்கும்போது அந்த இடைவெளிகள் வழியாகக் காற்று கூம்புக்குள் புகுந்து, பின்வாய் வழியாக வெளியேறுகிறது.

ஓட்டை இருந்தால் காற்று சுலபமாகப் போய்விடும், தடை குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அந்த இடைவெளிகளை மூடிப் பார்த்த ஆய்வுகளில் காற்றுத் தடை குறைந்தது. உள்ளே புகும் காற்று, வெளியே கூம்பைச் சுற்றிப் போகும் காற்றோடு பின்னால் மோதிக் கலந்து கலவரம் பண்ணுகிறது. அந்தக் கலவரத்துக்கான சக்தி ஷட்டிலின் வேகத்திலிருந்துதான் போகிறது. நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் 2010களில் இறகு ஷட்டில், செயற்கை ஷட்டில் இரண்டையும் வைத்து இத்தகைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அடித்தபின் திரும்பி நிலைகொள்வதில் இறகுதான் தேறியது.

ஷட்டில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போவது ஏன்?

இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒரே பக்கமாகச் சாய்ந்து அடுக்கப்பட்டிருப்பதால். பறவையின் இடது இறக்கை இறகும் வலது இறக்கை இறகும் ஒரே மாதிரி வளைவதில்லை. ஆகவே ஒரு ஷட்டிலில் இரண்டையும் கலக்கமாட்டார்கள். 16-உம் ஒரே பக்கத்து இறக்கையிலிருந்து வரும். காற்றாடி இதழ்போல ஒவ்வொன்றும் காற்றைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ள, ஷட்டில் எதிர்ப்பக்கம் சுழல்கிறது. எப்போதும் ஒரே திசையில்தான் சுழலும்.

சுழற்சியால் நன்மை என்னவென்றால், ஓர் இறகு சற்றுக் கோணலாக இருந்தாலும் அந்தக் கோணல் ஒரே பக்கம் இழுக்காமல் சுற்றிச் சுற்றிச் சமமாகிவிடும். இன்னொரு விளைவும் உண்டு. பந்தைச் சீவி, வலையை ஒட்டி விழும் டிராப் போடும்போது ஒரு பக்கம் சீவினால் இயல்பான சுழற்சி கூடும், மறுபக்கம் சீவினால் அதற்கு எதிராக வேலை செய்யும். வலக்கை ஆட்டக்காரருக்கு இயல்பாக வரும் சீவல், இடக்கை ஆட்டக்காரருக்கு எதிர்த்திசையில் வரும். இடக்கைக்காரர் போடும் டிராப் கணிக்க முடியாமல் இருப்பதாகப் பலர் சொல்வதில் இதற்கும் பங்குண்டு.

சர்வீஸில் சுழற்சி கொடுக்கக் கூடாது என்று விதி வந்ததாமே?

ஆமாம். 2023-இல் டென்மார்க் ஆட்டக்காரர் ஒருவர், ஷட்டிலை விடும்போதே விரலால் திருகிவிட்டு அடிக்கும் சர்வீஸைப் போட்டியில் போட்டுக் காட்டினார். பந்து வலையைத் தாண்டித் தள்ளாடிக்கொண்டே வந்தது, எதிராளியால் சரியாகத் தொட முடியவில்லை. அந்த ஆண்டு மே மாதமே உலகப் பூப்பந்துச் சம்மேளனம் முதலில் தற்காலிகமாக என்று சொல்லித் தடை போட்டது.

இது புதுக்கதை இல்லை. 1980களின் தொடக்கத்தில் பக்கத்து வீட்டு மலேசியாவின் சிடேக் சகோதரர்கள் தக்கைக்குப் பதிலாக இறகில் முதலில் அடித்து சர்வீஸ் போட்டார்கள். அதுவும் தாறுமாறாகத் தள்ளாடியது. அதன்பிறகுதான் மட்டை முதலில் தக்கையைத் தொட வேண்டும் என்ற விதி வந்தது. மேலே வலையோரப் பந்துக்குச் சொன்ன அதே விஷயம்தான் இரண்டிலும்: குறுகிய தூரம், குறைந்த வேகம், நேராவதற்கு இடமில்லை.

ஷட்டில் வரும் டியூபின் மூடியில் 76, 77 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

கிரெயின் என்ற பழைய எடை அளவிலிருந்து வந்த எண். ஒரு கிரெயின் 0.065 கிராம். 77 கிரெயின் என்றால் ஏறக்குறைய 5 கிராம். கனமான ஷட்டில் காற்றை எளிதில் கிழித்துக்கொண்டு தூரம் போகும், லேசானது சீக்கிரம் நின்றுவிடும். ஆகவே 75 மெதுவானது, 79 வேகமானது. சில நிறுவனங்கள் 1 முதல் 5 வரை போடுகின்றன. அங்கும் எண் ஏற ஏற வேகம் ஏறும். விதிப்படி ஷட்டிலின் எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை இருக்கலாம்.

இந்த எண் எதற்கென்றால், ஊருக்கு ஊர் காற்று மாறுகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஷட்டிலை இழுத்துப் பிடிக்கும். அங்கே பெரிய எண் வேண்டும். சூடான காற்று விட்டுவிடும். சிறிய எண் போதும். நம் ஊரில் 76, 77 அதிகம் புழங்குவதும், குளிரூட்டாத கூடங்களில் சிலர் 75 தேடுவதும் இதனால்தான். சிங்கப்பூரின் வோங் பெங் சூன் 1950-இல் லண்டனில் ஆல் இங்லண்ட் பட்டம் வென்ற முதல் ஆசியர் ஆனார். இங்கே வியர்த்து விறுவிறுத்து ஆடிப் பழகிய கை, அங்கே குளிர்காலம் முடியாத காற்றில் ஆட வேண்டியிருந்தது. பந்தின் எடை ஓரளவு ஈடுகட்டும், மிச்சத்தைக் கை கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்குப் போகும்போது இங்கிருந்து டியூப் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது; காற்றின் அடர்த்தி அங்கே எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. ஊட்டியில் ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. இங்கே சரியாக விழும் 77, ஊட்டியில் பின்கோட்டைத் தாண்டித்தான் விழும்.

நம் ஊர்க் காற்று ஈரமாக, கனமாக இருக்கிறது. அதனால் ஷட்டில் மெதுவாகத்தானே போக வேண்டும்?

கனமாக இருப்பது நமக்கு வரும் புழுக்கம், காற்று அல்ல. நீராவியின் மூலக்கூறு, காற்றில் இருக்கும் நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட லேசானது. ஈரம் ஏற ஏற காற்றின் அடர்த்தி குறையும். 30 பாகை வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில், ஈரத்தால் குறையும் அடர்த்தி ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். வெப்பத்தின் பங்குதான் பெரிது: 20 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையே மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். இரண்டும் சேர்ந்து நாலரை சதவீதம். பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்கு அடிக்கும் பந்தில் அது கிட்டத்தட்ட அரை மீட்டர்.

ஆனால் ஈரம் வேறு வழியில் விளையாடும். இறகு ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் எடை கொஞ்சம் ஏறும், தண்டு வளைந்துகொடுக்கும், சட்டென்று முறியாது. நாள் முழுக்கத் திறந்துவைத்த டியூபும் புதிதாகப் பிரித்த டியூபும் வேறு மாதிரி பறப்பதாக உங்களுக்குத் தோன்றினால் அது பிரமை இல்லை.

கூடத்தில் ஏர்கான் போட்டால் பந்து தள்ளிப் போகிறது என்று சொல்வது சாக்கா, உண்மையா?

தோற்றவர் சொன்னால் பாதி சாக்கு. ஆனால் கணக்கு அவர் பக்கம்தான் இருக்கிறது.

விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்கிறது என்று வைப்போம். தோலில் பட்டால் பெரும்பாலும் உணரவே மாட்டீர்கள். உயரமான கிளியர் ஒன்று 1.8 விநாடி அந்தரத்தில் இருக்கிறது. ஷட்டில் மிக லேசு என்பதால் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே காற்றோடு சேர்ந்து நகர ஆரம்பித்துவிடும். விழும்போது கிட்டத்தட்ட அரை மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஒற்றையர் பக்கக்கோட்டுக்கும் இரட்டையர் பக்கக்கோட்டுக்கும் இடைப்பட்ட அகலம் 46 செ.மீ. உணரவே முடியாத காற்று, கோட்டுக்கு உள்ளே விழ வேண்டிய பந்தை இரட்டையர் கோட்டோரம் கொண்டுபோய் விட்டுவிடும். ஸ்மாஷில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ஏனென்றால் அது காற்றில் இருக்கும் நேரமே கொஞ்சம். காற்று நீளவாக்கில் அடித்தால் ஒரு பக்கத்திலிருந்து அடிக்கும் கிளியர் வெளியே போகும், மறுபக்கத்திலிருந்து அடிப்பது பாதியில் விழும்.

பெரிய அரங்குகளில் இது இன்னும் மோசம். காலாங்கில் உள்ள சிங்கப்பூர் உள்ளரங்கு விளையாட்டரங்கம் போன்ற இடத்தில் ஆயிரக்கணக்கானோருக்குக் குளிரூட்ட வேண்டும், கூரை உயரம், கதவுகள் திறந்து மூடும். சிங்கப்பூர் பொது விருதுப் போட்டிக்கு வரும் ஆட்டக்காரர்கள் முதல் நாள் பயிற்சியில் நாலு மூலைக்கும் கிளியர் அடித்துப் பார்ப்பது காற்றை நோட்டம் பார்க்கத்தான். ஒவ்வொரு செட்டுக்கும் பக்கம் மாறுவதும், மூன்றாவது செட்டில் ஒருவர் 11 எடுத்ததும் மறுபடி மாறுவதும் இருவருக்கும் காற்றைப் பங்குபோடத்தான் உதவுகின்றன.

நம் அளவில் செய்யக்கூடியது: ஆட்டம் தொடங்குமுன் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு உயரப் பந்து அடித்துப் பாருங்கள். காற்று உங்களுக்கு எதிரே வரும் பக்கத்தில் தைரியமாக ஓங்கி அடிக்கலாம். முதுகில் அடிக்கும் பக்கத்தில் கிளியரைக் குறைத்து டிராப்பும் ஸ்மாஷும் போடுங்கள்.

வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் கீழே, பூங்காவில் ஆடலாமா?

தாராளமாக ஆடலாம், ஆனால் இறகு ஷட்டிலை அங்கே கொண்டுபோகாதீர்கள். மேலே 0.3 மீட்டருக்கே அந்தக் கதி. ஈஸ்ட் கோஸ்ட் கடற்காற்று அதைப்போலப் பல மடங்கு. நைலான் பந்து வாங்கிக்கொள்ளுங்கள், தரையில் உரசினாலும் தாங்கும்.

நைலானும் இறகும் பறப்பதில் என்ன வித்தியாசம்?

மெதுவான அடியில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஓங்கி அடித்தால் நைலான் கூம்பு காற்றின் அழுத்தத்தில் சுருங்கிவிடுகிறது. வாய் சிறிதாகிறது, காற்றுத் தடை குறைகிறது, பந்து எதிர்பார்த்ததைவிட வேகத்தோடு போகிறது. இறகுத் தண்டு விறைப்பானது. உருவம் அவ்வளவாக மாறாது. அதனால்தான் இறகு கிளியர் கடைசியில் செங்குத்தாக இறங்கும், நைலான் கொஞ்சம் நீண்டு போய் விழும். நைலானில் ஆடிப் பழகிய பிள்ளை இறகுக்கு மாறும்போது எல்லாமே குட்டையாக விழுவதாகத் தோன்றும். சில வாரத்தில் சரியாகிவிடும்.

நைலான் டியூபில் தக்கையைச் சுற்றியுள்ள வளையத்தின் நிறம் வேகத்தைக் காட்டும்: பச்சை மெதுவு, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம்.

ஆடுமுன் ஷட்டிலுக்கு ஆவி பிடிப்பது பலன் தருமா?

இறகு காய்ந்து போயிருந்தால் தரும். கெட்டிலில் வரும் ஆவியில் டியூபைச் சில விநாடி காட்டிவிட்டு, மூடி ஆற வைப்பார்கள். இறகு ஈரம் ஏறி வளைந்துகொடுக்கும். நம் ஊர் ஈரத்தில் இதற்குப் பெரிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பகலிரவாக ஏர்கான் ஓடும் அறையில் வைத்திருந்தவற்றுக்குச் செய்யலாம். தக்கையில் ஆவி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பசை இளகும்.

இறகு நுனியை மடக்கினால் வேகம் மாறுமா?

மாறும். நுனிகளை உள்ளே மடக்கினால் வாய் சுருங்கி வேகமாகப் போகும். வெளியே மடக்கினால் மெதுவாகும். நண்பர்கள் ஆட்டத்தில் இருதரப்பும் சம்மதித்தால் செய்துகொள்ளுங்கள். போட்டியில் ஷட்டிலின் வேகத்தையோ பறக்கும் விதத்தையோ மாற்ற வேண்டுமென்றே அதைத் திருத்துவது விதிமீறல்.

ஷட்டில் சரியான வேகம்தானா என்று எப்படிச் சோதிப்பது?

பின்கோட்டுக்கு மேலே நின்று, கீழிருந்து மேலாக, பக்கக்கோட்டுக்கு இணையாக முழு வீச்சில் அடிக்க வேண்டும். மறுபக்கப் பின்கோட்டுக்கு 530 மி.மீ. முதல் 990 மி.மீ. வரை உள்ளே விழுந்தால் சரியான வேகம். நம் கூடங்களில் அந்தச் சோதனைக் குறிகள் பெரும்பாலும் இருக்காது. கவலை வேண்டாம்: இரட்டையர் சர்வீஸின் பின்எல்லைக் கோடு பின்கோட்டிலிருந்து 760 மி.மீ. தள்ளி இருக்கிறது. 530-க்கும் 990-க்கும் சரியாக நடுவில். அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாணுக்குள் விழுந்தால் பந்து சரி. ஒரே ஆள் அடித்தால் போதாது, இரண்டு மூன்று பேர் அடித்துப் பாருங்கள்.

ஓர் இறகு முறிந்துவிட்டது. பந்தைத் தூக்கிப் போட்டுவிடவா?

நுனி கொஞ்சம் பிய்ந்திருந்தால் ஆடலாம். தண்டு முறிந்து தொங்கினால் ஆட்டத்துக்கு ஆகாது. கூம்பின் ஒரு பக்கம் காற்றை விட்டுவிடும், மறுபக்கம் பிடிக்கும். ஷட்டில் தள்ளாடிக்கொண்டு போகும், சுழற்சியும் கெடும். முறிந்ததைப் பிய்த்துவிட்டு 15 இறகோடு ஆடுபவர்கள் உண்டு. ஸ்மாஷில் அவ்வளவாகத் தெரியாது, கிளியரில் உடனே தெரிந்துவிடும்.

டியூப் விற்கும் விலையில் எதையும் உடனே குப்பையில் போட மனம் வராது. அடிபட்ட பந்துகளை ஒரு பையில் சேர்த்து வைத்து, சர்வீஸுக்கும் வலையோரப் பயிற்சிக்கும் கால் ஓட்டப் பயிற்சிக்கும் பயன்படுத்துங்கள். அங்கே பந்து போகும் தூரம் குறைவு, கோணல் வெளிப்படாது. கிளியர் பயிற்சிக்கு மட்டும் அந்தப் பையைத் திறக்காதீர்கள், கை தப்பான தூரத்தைப் பழகிக்கொள்ளும்.